கைப்பையில் ஒன்பது நாள்

அத்தியாயம் 14

அந்தக் கடிதம் முனீராவின் கைப்பையில்தான் இருக்கிறது என்பது இதுவரை மூன்று பேருக்குத்தான் தெரியும். உங்களுக்கு, எனக்கு, முனீராவுக்கு.

நடுவில் ஒரு வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. செம்பவாங்கில் பதினோராவது மாடியில் ஓர் ஐந்தறை வீடு. அதில் ரபியா மாமி, மூத்த மகன் ஹுசைன், அவன் மனைவி முனீரா, அவர்களுடைய பதினான்கு வயது மகள் நஸீஹா. கூடவே இளைய மகன் முபாரக்கும் காரைக்காலில் இருந்து வந்த அவன் மனைவி தமன்னாவும். தமன்னாவுக்குக் கொடுத்திருந்த ஓராண்டுத் தங்கும் அனுமதி வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. நீட்டிக்கச் சொல்லிப் போட்ட மனு தள்ளுபடியாகிவிட்டது. முபாரக்கின் முதல் மனைவியும் வெளிநாட்டுப் பெண்தான், அந்தக் கல்யாணம் பதினான்கு மாதத்தில் முறிந்துபோனது. இரண்டாவது மனைவியும் வெளிநாட்டுப் பெண் என்றால் மனுவைப் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

மேல்முறையீடு ஒன்றுதான் மிச்சம். அதற்குக் கடைசி நாள் இன்று, வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. கல்யாணம் உண்மையானதுதான் என்று ரபியா மாமியும் ஹுசைனும் முதல் மனுவிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெற்றவளும் உடன்பிறந்தவனும் வேறு என்ன சொல்வார்கள் என்று அது எடுபடவில்லை. அதே கூரையின் கீழ் இருக்கும் இன்னொரு பெரியவர் எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று குடிநுழைவு அலுவலகத்தில் சொன்னார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் பெரியவர் முனீரா மட்டும்தான்.

அவளோ அரசாங்க வழக்கறிஞர். அதுவும் குடிநுழைவு வழக்குகள். அனுமதிக்காகப் போலிக் கல்யாணம் செய்துகொண்டவர்களைக் கூண்டில் ஏற்றுவதுதான் அவளுடைய பதினேழு வருட உத்தியோகம்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை முபாரக் ஒரு பக்கத்துக்குத் தட்டெழுதிக் கொண்டுவந்து கொடுத்தான். வேலையைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம், வீட்டு ஆளாகக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றான். அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டும் என்று முனீரா சொன்னாள். அது நியாயமான பேச்சு. மறுநாள், கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை என்று சொன்னாள். அதற்கப்புறம் யார் கேட்டாலும் அதே பதில்தான்.

அவள் யாரிடமும் கேட்கவே இல்லை. கடிதம் கைப்பையின் உள்அறையில், மடித்தது மடித்தபடியே கிடக்கிறது.

ஏன் என்றால், பொறாமை. வேறு நல்ல பெயராகத் தேடிக் கொடுக்கலாம்தான். முனீராவே கடமை, விதிமுறை, நலன் முரண்பாடு என்றெல்லாம் ஒன்பது நாளாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள். நமக்கு எதற்கு அந்த வேலை?

*

காலையில் கூடத்தின் நடுவில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. தமன்னாவின் துணிகள் பாதி பெட்டிக்குள்ளும் பாதி சோபா மேலும் இருந்தன. கட்டவும் மனசில்லாமல் கட்டாமல் இருக்கவும் முடியாமல் மூன்று நாளாக அந்தப் பெட்டி அப்படியேதான் இருக்கிறது.

அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து நஸீஹா பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். போட்டுவிட்டது தமன்னா.

"சாச்சி, இன்னும் டைட்டா," என்றாள் நஸீஹா.

போன வருடம் வரை முனீராதான் அந்தப் பின்னலைப் போட்டவள். நேரமாகிறது, ஆடாதே, திரும்பு என்று அதட்டிக்கொண்டே போட்டாலும் அவள்தான் போட்டாள். தமன்னா வந்த இரண்டாவது வாரமே அந்த வேலை கைமாறிவிட்டது. யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முனீராவுக்குக் காலையில் பத்து நிமிடம் மிச்சம். அந்தப் பத்து நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

மேசையில் இடியாப்பமும் நேற்றைய கறி ஆணமும் இருந்தன. ரபியா மாமி தட்டை வழித்துவிட்டு, தமன்னா கைப்பக்குவம் நேற்றைவிட இன்றைக்குத்தான் நன்றாக இருக்கிறது என்றார். பதினாறு வருடமாக முனீரா ஆக்கிப் போட்டதையும் மாமி குறை சொல்லாமல்தான் சாப்பிட்டார். குறை சொல்லாமல், வேறு எதுவும் சொல்லாமல்.

அப்புறம் மாமி நிமிர்ந்து பார்த்தார். கேள்வி வருகிறது என்று முனீராவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆபீஸ்ல பதில் வந்துச்சாமா?"

"இன்னிக்கு வந்துடும் மாமி."

ஹுசைன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ரயில் நிறுவனத்தில் கால அட்டவணை போடுகிறவன் அவன். அவளுக்கு 7.25 ரயில் போய்விட்டது, அடுத்தது 7.30 என்று சொல்லி, அவளுடைய தண்ணீர்ப் புட்டியை நிரப்பி மேசை ஓரத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினான். ஒரு நாளும் மறந்ததில்லை. கல்யாணமான நாள் முதல் அந்தப் புட்டி நிரம்பாமல் அவள் வெளியே போனதே கிடையாது.

குறையென்று சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனால் மற்ற அறையின் கதவுக்குப் பின்னால் இருந்து தினமும் ஒரு சிரிப்பு கேட்கிறது. முபாரக் ஏதோ சொல்வான், அவள் சிரிப்பாள், உஸ் என்று அவன் அடக்குவான், பிறகு இரண்டு பேருமே சிரிப்பார்கள். மாமி தூங்கியாயிற்று, நஸீஹாவுக்கு நாளைக்குத் தேர்வு என்று முனீரா ஒரு தடவை கதவைத் தட்டிச் சொல்லியும் இருக்கிறாள். அன்றைக்கு நஸீஹாவுக்குத் தேர்வு எதுவும் இல்லை.

*

7.30 ரயிலுக்கும் அவள் போகவில்லை. ஜாலான் புசாரில் இருக்கும் ஹார்டுவேர் கடைக்கு முபாரக் வேனில் கிளம்பினான், நகரத்தில் இறக்கிவிடுகிறேன் என்றான். ஏறிக்கொண்டாள்.

சும்மா ஏறவில்லை. ராத்திரியே ஒரு யோசனை வந்திருந்தது.

பத்து வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தாள். நாற்பது கேள்விகள். சந்தேகத்துக்குரிய தம்பதியைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து அதே கேள்விகளை இருவரிடமும் கேட்க வேண்டும். அவர் கட்டிலின் எந்தப் பக்கம் படுப்பார்? ராத்திரி ஏசியா, மின்விசிறியா? விடுமுறை நாளில் எங்கே போவீர்கள், யாருடைய விருப்பம்? சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு விடை ஒத்துப்போகும், நடிக்கிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒத்துப்போகாத விடைக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே தோண்டச் சொல்வது அவளுடைய வழக்கம்.

இவர்களிடமும் அப்படி ஒரு கோடு கிடைத்துவிட்டால்? கையெழுத்துப் போடாததற்குக் காரணம் கிடைத்துவிடும். ஒன்பது நாள் பொய், ஒன்பது நாள் எச்சரிக்கையாகிவிடும். அவள் அதற்குத்தான் ஆசைப்பட்டாள்.

நெடுஞ்சாலையில் ஏறும் வரை முபாரக் வாயே திறக்கவில்லை. வழக்கமாக வானொலியோடு சேர்ந்து பாடுகிறவன். பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"மச்சி, பதில் வரலன்னா நீங்க சங்கடப்படாதீங்க. ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் லா. அவளும் அதான் சொன்னா."

அவன் அவளைத் திட்டியிருந்தால் முனீராவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் பேச்சோடு பேச்சாக ஆரம்பித்தாள். உங்கள் அறையில் ஏசி ரொம்பக் குளிராக இருக்கிறதே, கதவுக்கு அடியில் காற்று வருகிறது, யாருக்கு அவ்வளவு குளிர் வேண்டும் என்று கேட்டாள்.

முபாரக்குக்கு அப்போதுதான் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அவளுக்குத்தான் மச்சி. பதினெட்டுல வெச்சாத்தான் தூக்கம் வரும் போல. எனக்கு மூக்கடைச்சுக்கும், தலையோட போர்த்திக்கிட்டுப் படுத்துடுவேன். காரைக்கால்ல ஏசியே இல்லாம வளர்ந்தவ, பாவம், இங்கயாவது சுகமா தூங்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு மணிக்கே தேக்கா ஈரச்சந்தைக்குப் போகிறீர்களே, அது யாருக்காக? அதுவும் அவளுக்காகத்தான், அவளுக்கு மீன் பார்த்து வாங்கினால்தான் மனசு ஆறும், தனக்கு அந்த ஈரத்தரையும் வாடையும் ஆகவே ஆகாது என்றான். இன்றைக்குக்கூட அவள் தேக்காவுக்குத்தான் போகிறாள், மாடித் தையல்கடையில் நஸீஹாவின் பாஜு குரோங் தைத்து வைத்திருக்கிறார்கள், ஊருக்குப் போவதற்குள் அதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டுமாம் என்றும் சொன்னான்.

பெட்டியைக்கூட முழுசாகக் கட்டாதவள் என் மகளுக்கு உடுப்பு வாங்கப் போகிறாளா என்று முனீராவுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டரைக்குத் தானும் அந்தப் பக்கம் வருவதாகவும், தமன்னாவைக் கீழே சாப்பாட்டுக் கடையில் இருக்கச் சொல்லும்படியும் சொல்லிவிட்டு இறங்கினாள்.

*

தேக்காவில் மதிய நேரத்துக்கு இடம் கிடைப்பது பெரும்பாடு. தமன்னா ஒரு மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்திருந்தாள். முனீராவுக்குப் பிடித்த கடையில் வரிசையில் நின்று பிரியாணியும், சர்க்கரை இல்லாத கட்டன் தேநீரும் வாங்கி வைத்திருந்தாள். சர்க்கரை இல்லாமல் என்பது யார் சொல்லித் தெரிந்தது என்று முனீரா கேட்கவில்லை. கேட்டால், ஒரு வருடமாகப் பார்க்கிறேனே என்று பதில் வரும். அந்தப் பதில் அவளுக்கு வேண்டாம்.

தையல்கடைப் பையில் இருந்து பாஜு குரோங்கை எடுத்து விரித்துக் காட்டினாள் தமன்னா. கைநீளம் அரை அங்குலம் அதிகமாக விடச் சொன்னாளாம், நஸீஹா வளர்கிற பிள்ளை என்று. நன்றாகத்தான் இருந்தது. முனீரா நன்றாக இருக்கிறது என்று சொல்லாமல் மடித்து வைக்கச் சொன்னாள்.

பிறகு ஆரம்பித்தாள். நீதிமன்றத்தில் கேட்கும் குரலில் இல்லை. சிரித்துக்கொண்டே, நடுநடுவே சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். தமன்னா ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் யோசித்து, ஒழுங்காகப் பதில் சொன்னாள். முபாரக் படுப்பது சுவர்ப் பக்கம். தேநீருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை, ஒன்று என்று எல்லோரிடமும் சொல்வது பொய். எதிலும் ஒரு தடுமாற்றம் இல்லை. முனீராவுக்கு எரிச்சலாக வந்தது.

"உங்க ரூம்ல ஏசி ஏன் அவ்வளவு குளிரா வைக்கிறீங்க?"

தமன்னா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவங்களுக்குத்தான் ராத்தா. பகல் முழுக்கக் கடையில வேர்த்துக்கிட்டு நிக்கிறாங்கள்ல, குளிரா இருந்தாத்தான் தூங்குறாங்க. எனக்குத்தான் ஆகாது. சாக்ஸ் போட்டுக்கிட்டு, ஸ்வெட்டரும் போட்டுக்கிட்டுப் படுத்துக்குவேன்."

முனீராவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. கிடைத்துவிட்டது. நேருக்கு நேர் முரண். ஒரே அறை, ஒரே ஏசி, ஆளுக்கொரு விடை. அவசரமாக அடுத்ததையும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை இந்தச் சந்தைக்கு யார் விருப்பத்தில் வருகிறீர்கள்?

அதுவும் அவருக்காகத்தான் என்றாள் தமன்னா. வாரத்தில் ஒரு நாள் சந்தையைச் சுற்றினால்தான் அவருக்குச் சந்தோஷம், தனக்கோ அன்றைக்கு ஒரு நாளாவது எட்டு மணி வரை தூங்க வேண்டும் போலிருக்கும் என்று சொல்லிவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டவள் மாதிரி சிரித்தாள்.

இரண்டு சிவப்புக் கோடுகள். கோப்பாக இருந்தால் இந்நேரம் முனீரா பேனாவை எடுத்திருப்பாள்.

ஆனால் இது கோப்பு இல்லையே. எதிரில் பாஜு குரோங்கை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வருடமாக இரண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் குளிரில் விறைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். இரண்டு பேருக்குமே பிடிக்காத சந்தைக்கு, தூக்கத்தை விட்டுவிட்டு, ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருக்கிறார்கள். பட்டியல் போட்ட பத்து வருடத்தில், விடை ஒத்துப்போகாமல் இருக்க இப்படியும் ஒரு காரணம் உண்டு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

பொறாமை அப்போது விலகிப் போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. அதுவரைக்கும் அவர்களுடைய சிரிப்பைப் பார்த்துப் பட்ட பொறாமை கொஞ்சம்தான். இப்போது அவர்கள் தப்பாகச் சொன்ன விடையைப் பார்த்து வந்ததே, அது அதைவிடப் பெரிது. பாதி பிரியாணியை அப்படியே வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று எழுந்தாள்.

*

அலுவலகம் திரும்பும் வழியில், லிட்டில் இந்தியா நிலையத்தின் நகரும் படிக்கட்டில் நின்றுகொண்டே, ஹுசைனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினாள். ராத்திரி எனக்கு ஏசி எத்தனையில் இருக்க வேண்டும்?

படிக்கட்டின் அடிக்கு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. இருபத்து நான்கு. ஐந்தரைக்குத் தானாக அணைந்துவிடும்.

சரியான விடை. அவனுக்கும் இருபத்து நான்குதான். அவளுக்கும் அதுதான். முதல் மாதமே பேசி முடிவு செய்த எண் அது. அவர்களிடம் அந்த நாற்பது கேள்வியையும் கேட்டால் நாற்பதுக்கும் ஒத்துப்போகும். எதற்குக் கேட்கிறாய் என்று அவன் திருப்பிக் கேட்பான் என்று ரயில் வரும் வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்கவில்லை.

இரண்டரை மணிக்கு மேலதிகாரி ரத்னவேலின் அறைக் கதவைத் தட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, இதற்கா இவ்வளவு தயங்கினீர்கள் என்பது போலப் பார்த்தார். பதவியைக் குறிப்பிடக் கூடாது, அலுவலகத் தாளில் எழுதக் கூடாது, இந்த மனு எப்போதாவது நம் பிரிவுக்கு வந்தால் நீங்கள் விலகி நிற்க வேண்டும். வீட்டு ஆளாகக் கண்ணால் பார்ப்பதைச் சொல்ல யாருக்கும் தடையில்லை. ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும் என்றார்.

எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம் ஆனது. ஒன்பது நாளாக ஒரு குடும்பத்தைப் பெட்டி கட்ட வைத்த அனுமதி ஆறு நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன. உறவுமுறை. விவரம். விஷயம் உங்கள் கவனத்துக்கு வந்த தேதி. மூன்றாவது கட்டத்தில் முனீராவின் பேனா நின்றது. இன்றைய தேதியைப் போட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பொய்த் தகவல் கொடுத்தார் என்று அவள் எத்தனை பேரைக் கூண்டில் நிறுத்தியிருக்கிறாள் என்பதும் அந்த நேரத்தில்தானா ஞாபகம் வர வேண்டும்?

போன வாரம் செவ்வாய்க்கிழமையின் தேதியைப் போட்டாள்.

ரத்னவேல் படித்தார். தேதியில் கண் நின்றது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். கடைசி நாள் இன்றைக்குத்தானே என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். ஏன் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அவரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் வந்து பாருங்கள் என்றார்.

தன் இடத்துக்கு வந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். முபாரக் எழுதிய கடிதத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாக முழுசாகப் படித்தாள். 'இவர்கள் கணவன் மனைவியாக வாழ்வதை நான் தினமும் என் கண்ணால் பார்க்கிறேன்' என்று ஒரு வரி இருந்தது. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. தினமும்தான் பார்க்கிறாள். அவளுடைய நோயே அதுதான்.

கையெழுத்துப் போட்டுப் படமெடுத்து முபாரக்குக்கு அனுப்பியபோது மணி நான்கு பத்து. நான்கு நாற்பதுக்கு, மேல்முறையீட்டை இணையத்தில் ஏற்றியாகிவிட்டது என்று அவனிடம் இருந்து செய்தி வந்தது. அதைத் தொடர்ந்து ஒரு குரல் பதிவும் வந்தது. அதில் பேச்சே இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தமும், கடைக்கு வந்த யாரோ அரை அங்குல ஆணி கேட்கும் சத்தமும்தான் இருந்தன.

*

அன்று மாலை வீடு வீடாகவே இல்லை. கூடத்துப் பெட்டி மூடிச் சுவரோரமாகப் போயிருந்தது. முடிவு தெரிய இன்னும் சில வாரம் ஆகும், அதுவரை இங்கேயே இருக்கத் தற்காலிக அனுமதி கேட்டிருக்கிறோம் என்று முபாரக் எல்லோருக்கும் இரண்டு தடவை விளக்கினான். நஸீஹா பாஜு குரோங்கைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கும் கூடத்துக்குமாக நடந்தாள்.

ரபியா மாமி முனீராவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒன்பது நாளாக ஆபீஸில் எவ்வளவு அலைந்தாளோ, எத்தனை பேரிடம் நின்றாளோ என்றார். என் மூத்த மருமகள் வாய் பேசாமலே செய்வாள் என்றார். பதினாறு வருடமாக முனீரா காத்திருந்த பாராட்டு. அது வந்து சேர்ந்த நேரத்தைப் பாருங்கள். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. பாத்திரம் கிடக்கிறது மாமி என்று எழுந்து சமையலறைக்குப் போனாள்.

தமன்னா அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முனீரா துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நன்றி என்று தமன்னா சொல்லவில்லை. நாலைந்து தட்டு கைமாறியது.

"ராத்தா, ஏசி விஷயத்த அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா வருத்தப்படுவாங்க."

சொல்ல மாட்டேன் என்றாள் முனீரா. இரண்டு பக்கத்து விடையும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இதையாவது ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

தமன்னா குழாயைச் சின்னதாகத் திருகினாள். தண்ணீர்ச் சத்தம் குறைந்தது.

"நானும் யார்கிட்டயும் சொல்லல."

"எதை?"

"போன வாரம் புதன்கிழமை, கழுவுறதுக்காக உங்க பையிலேர்ந்து டிபன் டப்பாவ எடுத்தேன்ல. உள் ஜிப் தொறந்து கெடந்துச்சு. கடிதம் இருந்துச்சு. சரி, ஆபீஸ்ல காட்டிட்டுத் திரும்ப வெச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். அப்புறம் தெனமும் டப்பா எடுக்கும்போது பாத்தேன். மடிச்ச மடிப்புகூட மாறல."

முனீராவின் கையில் தட்டு இருந்தது. அது ஏற்கெனவே துடைத்த தட்டு. மறுபடியும் துடைத்தாள். மூன்று பேருக்குத்தான் தெரியும் என்று அவளும் நம்பியிருந்தாள், நானும் உங்களிடம் அப்படித்தான் சொன்னேன். நாலாவது ஆள் பக்கத்திலேயே நின்று அவளுடைய டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க பொய் சொல்ல வேண்டி வரும்ல ராத்தா."

அவ்வளவுதான் சொன்னாள். குத்தலாகச் சொல்லவில்லை. இன்றைக்கு மதியம் கேட்ட கேள்விகள் எல்லாம் எதற்கு என்றும் தனக்குப் புரிந்துதான் இருந்தது, அதனால்தான் ஒன்றுக்குக்கூடப் பொய் சொல்லவில்லை என்றாள். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, நஸீஹா கூப்பிடுகிறாள் என்று கூடத்துக்குப் போக அடியெடுத்து வைத்தாள்.

அடியெடுத்து வைத்தவள் அப்படியே நின்றாள்.

சமையலறை வாசலில் ஹுசைன் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் காலித் தேநீர்க் கோப்பைகள். இன்னொரு கையில், நாளைக் காலைக்காக இப்போதே நிரப்பி வைத்துவிடலாம் என்று எடுத்துவந்த முனீராவின் தண்ணீர்ப் புட்டி. எப்போது வந்தான், எதிலிருந்து கேட்டான் என்று இருவருக்கும் தெரியவில்லை. தமன்னா தலையைக் குனிந்துகொண்டு அவனைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஹுசைன் கோப்பைகளைத் தொட்டியில் வைத்தான். புட்டியை வைக்கவில்லை.

"எத்தனை நாளா பையில இருந்துச்சு, முனீரா?"

இந்தப் பதினாறு வருடத்தில் விடை தெரியாமல் அவன் அவளிடம் கேட்ட கேள்விகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பொய் சொல்ல அவளிடம் தெம்பில்லை.

"ஒன்பது நாள்."

அவன் தலையாட்டினான். எண்ணைக் கேட்டதும் அவன் திருப்தியாகிவிடுவான், வழக்கம் போலத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று ஒரு கணம் அவள் நம்பினாள். அவன் அசையவில்லை. மூடியில்லாத புட்டி அவன் கையில் சாய்ந்து, மிச்சமிருந்த தண்ணீர் தரையில் சொட்டியது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிப் பார்த்து எத்தனை வருடமாயிற்று.

"ஏன்?" என்று கேட்டான்.